கணவாய் திறந்திருந்த பிற்பகல்

அன்புள்ள இளம் விமானிகளே,

நம் யூனிட்டின் ஆண்டு மலருக்கு நான்கு பக்கம் எழுதித் தரும்படி உங்கள் கமாண்டர் கேட்டிருந்தார். மான்ட்ரியலில், மகள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நானும் மனைவியும் இந்த ஊரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதிக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் கட்டடத்துக்கு மேலே அவ்வப்போது ஒரு ஹெலிகாப்டர் போகும். கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு பால்கனிக்கு ஓடுவேன். போன வாரம் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "அது உங்களக் கூப்பிடலங்க, அது பாட்டுக்குப் போகுது" என்றாள் மனைவி. அவள் சொன்னது சரிதான். ஆனாலும் சத்தம் தேய்ந்து மறையும்வரை என்னால் உள்ளே வர முடிவதில்லை.

எந்திரங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் ஓட்டியவற்றைத் தூணில் ஏற்றிக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். அந்த எந்திரங்களுக்குள் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருந்த சில நிமிடங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் முதல் கமாண்டரின் பெயரை எழுதப்போவதில்லை. அவருக்குப் பெயர் அச்சில் வருவது பிடிக்காது. பனிமலை உச்சியில் ஹெலிகாப்டர் இறங்கும் என்பதை மேலிடமே நம்பாத காலத்தில் இறக்கிக் காட்டியவர்களில் ஒருவர். நான் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தபோது, ஒரு காலை, உயரத்தில் இருந்த ராணுவக் காவல் நிலைக்கு அவரோடு மண்ணெண்ணெய் கொண்டுபோனேன். நிலை கண்ணுக்குத் தெரிந்தது. வீரர்கள் கையாட்டுவதுகூடத் தெரிந்தது. இறங்க ஒரு நிமிடம்கூட இல்லாத தூரத்தில் அவர் ஹெலிகாப்டரைத் திருப்பிவிட்டார்.

எனக்கு அவமானமாக இருந்தது. அந்த ஆட்களின் கைகள் மெல்லக் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். திரும்பி வந்ததும் அவர் ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கும் ஒரு டின்னைக் காட்டினார். தேநீர் வந்தது. அவர் பேசியது இந்தியில், தமிழில் சொல்கிறேன்.

"காற்றைக் காட்ட இறங்குதளத்தில் போட்ட புகையைப் பார்த்தாயா?"

"பார்த்தேன் சார். நமக்கு எதிராகத்தான் வந்தது. நல்ல காற்று."

"முதலில் அப்படித்தான் வந்தது. கடைசியில் சரிவைப் பிடித்துக்கொண்டு கீழே ஒழுகியது. அங்கே காற்று நம்மை இழுத்துக் கீழே போடும். அதிலிருந்து ஏறி வர நம் எந்திரத்துக்கு மூச்சு கிடையாது."

தீக்குச்சிகளை அடுக்கி மலையை வரைந்து காட்டினார். பிறகு எழுந்து ரேடியோவுக்குப் போய், மேலே இருந்த ஹவில்தாரைக் கூப்பிட்டு, எனக்குச் சொன்ன அதே காரணத்தை அவருக்கும் சொன்னார். ஒரு கமாண்டர் ஹவில்தாருக்கு விளக்கம் சொல்வதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முடியாது என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. ஏன் என்று சொல்லாமல் போக உரிமை கிடையாது. காத்திருப்பவன் கையில் அந்தக் காரணம் ஒன்றுதான் மிச்சம் இருக்கும்."

இதை நான் பல கூட்டங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். கடைப்பிடித்தேனா என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அதற்கு முன் ஒரு தவறு. ஒரு குளிர்காலத்தில் அதே நிலைக்கு ஒரு நடை போக வேண்டியிருந்தது. எடையில் இன்னும் ஒரு சிறிய சுமைக்குத்தான் இடம். மண்ணெண்ணெய் கேன் ஒன்று, கடித மூட்டை ஒன்று, இரண்டும் தரையில் இருந்தன. மண்ணெண்ணெயை ஏற்று என்பதுதான் உத்தரவு. நான் மூட்டையை ஏற்றினேன். மூன்று வாரமாக ஒரு கடிதமும் போகவில்லை, அடுத்த நாள் வந்தால் மண்ணெண்ணெய் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அடுத்த நாள் மேகம் மூடியது. ஆறு நாள் திறக்கவில்லை.

ஏழாம் நாள் போய் இறங்கியபோது திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். எரிபொருளை மிச்சப்படுத்த அத்தனை பேரும் ஒரே கூடாரத்தில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கால்விரல்கள் கறுத்துவிட்டன. அவரைத்தான் ஏற்றிவந்தேன். வழியெல்லாம் அவர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். மகள் பிறந்த செய்தி அந்த மூட்டையில் வந்ததாம். அவருக்கு மூன்று விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. தவறு செய்தவனுக்கு நன்றி கிடைத்தால் அந்தத் தவறு ஆறவே ஆறாது. இதில் உங்களுக்கு என்ன பாடம் என்று எனக்கு இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் அந்த மூட்டையைத்தான் ஏற்றுவேனோ என்ற பயம் எனக்கு உண்டு.

இனிச் சொல்வதுதான் நான் சொல்ல வந்தது.

நான் கமாண்டர் ஆன பிறகு யூனிட்டுக்கு ஒரு பெண் விமானி வந்தாள். கலைவாணி, மதுரைக்காரி. எங்கள் யூனிட்டுக்கு வந்த முதல் பெண். முதல் வாரம் அவள் நுழைந்தால் மெஸ்ஸில் பேச்சு நின்றுவிடும். மூன்றாம் மாதம் அவளோடு பறக்க ஆட்கள் போட்டி போட்டார்கள். மேகத்தின் அடியைப் பார்த்தே அது எப்போது இறங்கும் என்று சொல்லிவிடுவாள். நாங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது தமிழ் பேசுவோம். அந்த மலையில் யாரோடும் தமிழ் பேசாமல் எனக்குப் பல ஆண்டுகள் ஓடியிருந்தன. அவள் காலை நடை முடிந்து வந்து, "சார், இன்னைக்கு மேல காத்து நம்ம வைகைப் பாலத்துல அடிக்கிற மாதிரி சாதுவா இருந்துச்சு" என்று சொன்னால் அந்த நாள் எனக்கு நன்றாகப் போகும்.

ஒரு பிற்பகல் காவல் நிலையிலிருந்து செய்தி வந்தது. ஒரு வீரனுக்கு நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. உயரமான இடத்தில் அது வந்தால் ஒரே மருந்து, ஆளைக் கீழே கொண்டுவருவதுதான். மணி இரண்டு. பள்ளத்தாக்கில் மேகம் நிறைந்துகொண்டிருந்தது. மேற்கே கணவாய் மட்டும் ஒரு கதவு அளவுக்குத் திறந்திருந்தது.

கலைவாணி ஏற்கெனவே பறக்கும் உடையில் நின்றாள்.

"சார், கணவாய் வழியா போயிட்டு வந்துடறேன். காலையில அதே வழியாத்தான் வந்தேன். முக்கால் மணி நேரமாவது திறந்திருக்கும்."

"வேண்டாம்."

"பாதி வழியில மூடுற மாதிரி தெரிஞ்சா திரும்பிடறேன் சார். சத்தியமா திரும்பிடுவேன்."

"வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன் சார்?"

"வானிலை" என்றேன். பதிவேட்டிலும் அந்த ஒரு சொல்லைத்தான் எழுதிக் கையெழுத்திட்டேன்.

அவள் கணவாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சல்யூட் அடித்துவிட்டுப் போய் ஹெலிகாப்டருக்குப் பக்கத்திலேயே நின்றாள். கணவாய் மூடும்வரை அங்கிருந்து நகரவில்லை.

மறுநாள் விடியுமுன் அந்த வீரன் இறந்துவிட்டான். வயது இருபத்திரண்டு. வெளிச்சம் வந்ததும் முதல் நடையாக அவன் உடலை எடுத்துவரப் போனவள் கலைவாணிதான். என் அலுவலகத்துக்கு வந்து, "பணி முடிந்தது சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் யூனிட்டில் இருந்த ஒன்றே முக்கால் வருடமும் என்னோடு ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. மரியாதையில் குறை வைக்கவில்லை. பறப்பதிலும் குறை வைக்கவில்லை. மாற்றலாகிப் போன நாளில் எல்லோருக்கும் கைகொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள். அவ்வளவுதான்.

பலமுறை அவளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரி வந்ததில்லை. அவள் படையிலிருந்து விலகினாள், வெளிநாடு போனாள் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பதவிகள் வந்தன, பிறகு ஓய்வும் வந்தது. அவள் குரலை மட்டும் காது தேடிக்கொண்டே இருந்தது. சொந்தக்காரர்களுக்காகக்கூட நான் அப்படி ஏங்கியதில்லை. பெரிய விருந்துகளின் நடுவில்கூட, வாசலில் அவள் வந்து நின்று காற்று எப்படி இருந்தது என்று சொல்வாள் என எதிர்பார்த்திருக்கிறேன்.

இங்கே எங்கள் கீழ் வீட்டில் யோகன் என்று ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் சமையல். அவருக்கு இருபது வயதில் ஆரணி என்று ஒரு மகள். இந்த வசந்தகாலத்தில் ஒரு மாலை, அவர் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தபோது மேலே ஹெலிகாப்டர் போனது. நான் வழக்கம்போல அண்ணாந்தேன். சத்தம் போனபின் பார்த்தால், அவர் சுவரோடு ஒட்டி நின்றார்.

"ஐயா, உந்தச் சத்தம் கேட்டா நீங்கள் மேல பாக்கிறியள். நான் ஒளிக்க இடம் பாக்கிறன்" என்று சிரித்தார். "சின்னனில குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ள ஓடிப் பழகின உடம்பு. முப்பத்தைஞ்சு வரியமா இஞ்ச இருக்கிறன், உடம்புக்கு இன்னும் விளங்கேல்லை."

நான் என்ன வேலை பார்த்தேன் என்று அவரிடம் அதுவரை 'அரசாங்க உத்தியோகம்' என்றுதான் சொல்லியிருந்தேன். அன்று உண்மையைச் சொன்னேன். அவர் துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"குண்டு போட்டனியளோ?"

"இல்லை. சாமான் கொண்டுபோவேன், நோயாளிகளை ஏற்றி வருவேன்."

"ஓம்" என்றார். துணியைச் சைக்கிள்மேல் போட்டுவிட்டு, "கீழ நிக்கிறவனுக்கு அது தெரியாதெல்லோ" என்றார்.

இளைஞர்களே, வான்படை என்றால் என்ன என்று நான் கல்லூரியில் படித்தேன், பிறகு அதைப் பாடமாகவும் எடுத்தேன். அந்த வாசலில் அவர் சொன்ன ஒரு வரி எந்தப் பாடத்திலும் இல்லை.

பிறகு அவரே சொன்னார்: "பகிடியைப் பாருங்கோ. என்ரை மகள் உந்த ஹெலிகொப்டரைத்தான் ஓட்டப் பழகுறாள். வேண்டாமெண்டு சொல்லி நான் ஒரு வரியம் அவளோட கதைக்கேல்லை. கேட்டாளே? அவளுக்குப் படிப்பிக்கிறது உங்கட நாட்டு ஆள். தமிழ் மனிசி. ஆமியிலயோ நேவியிலயோ ஓட்டினவவாம்."

பெயரைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஆரணியைக் கூப்பிட்டார். அவள் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு, பிரெஞ்சு வாடை அடிக்கும் தமிழில், "மேடம் கலை. வாணி... கலைவாணி. ஏன் அங்கிள்?" என்றாள்.

"எனக்குத் தெரிஞ்சவங்களா இருக்கலாம்மா" என்றேன்.

ஆரணியிடம் என் எண்ணைக் கொடுத்தனுப்பினேன். பதினோரு நாள் எதுவும் வரவில்லை. போனை மேசைமீது வைத்துச் சாப்பிட்டேன், தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படுத்தேன். "காதலிக்கிற பையன் மாதிரி இருக்கீங்க" என்று மனைவி கேலி செய்தாள். பன்னிரண்டாம் நாள் செய்தி வந்தது: சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ, படகு மதகுக்குப் பக்கத்து நடைபாதை, ஞாயிறு காலை பத்து மணி.

மான்ட்ரியல் தீவின் மேற்கு முனைவரை பஸ்ஸில் போனேன். ஒன்பதரைக்கே அவள் அங்கே இருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நிற்கும் விதம் மட்டும் மாறவில்லை, இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு, எந்தக் காற்றுக்கும் தயாராக. நீ என்று கூப்பிடுவதா, நீங்கள் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

"வாங்க சார்" என்றாள். தமிழில்தான் சொன்னாள். அதிலேயே என் கண் கலங்கிவிட்டது. அதை அவள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

மதகுக்குள் ஒரு படகு நீர்மட்டம் ஏறக் காத்திருந்தது. அதைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். அவளுடைய கணவர், ஆறாம் வகுப்பு படிக்கும் மகன், வடக்கே காட்டுத் தீயை அணைக்கத் தண்ணீர் வாளி கட்டிப் பறந்த வருடங்கள் எல்லாம் சொன்னாள். என் மூட்டுவலியைப் பற்றி நான் சொன்னேன். பேச்சு தீர்ந்தது. படகு ஏறிக்கொண்டே இருந்தது.

"அந்த நாள்..." என்று ஆரம்பித்தேன்.

"சார், நான் ஒண்ணு கேக்கறேன். அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இருபது வருஷமா கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு என் இடத்துல ஒரு ஆம்பள நின்னிருந்தா விட்டிருப்பீங்களா?"

வானிலை என்று சொல்லலாம். மேகம் பொய்யில்லை. பதிவேடும் அதைத்தான் சொல்கிறது.

"விட்டிருப்பேன்" என்றேன். "முந்தின வருஷம் அதே மாதிரி மேகத்துல, அதே கணவாய் வழியா, நானே போயிருக்கேன். ஆளை ஏத்திட்டு வந்திருக்கேன். அன்னைக்கு நீ கேட்டப்ப நான் கணவாயப் பாக்கல. மறுநாள் உன் படம் போட்டு வரப்போற பேப்பரப் பார்த்தேன். அந்தப் பொண்ண யார் அனுப்பினதுன்னு கேக்குற தலைமையகத்தப் பார்த்தேன். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உனக்குப் பின்னால வர்ற பொண்ணுங்களுக்குக் கதவ மூடிடுவாங்கன்னும் நினைச்சேன். உன்னக் காப்பாத்துறேன்னு நினைச்சுக்கிட்டேன் கலை. அது பயம். என் பயம்."

மதகின் மேல்கதவு திறந்தது. படகுக்காரன் கரையில் நின்றவர்களுக்கு, "போன்ஜூர்!" என்று கையாட்டிக்கொண்டு போனான்.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் கடைசியில். "அன்னைக்கே தெரியும். ஆனா வானிலைன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் என்னைக் கொன்னுது. உங்க கண்ணு தப்பா, என் கண்ணு தப்பான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அப்புறம் எவ்வளவோ வருஷம் மேகத்தப் பார்த்தா முதல்ல என் கண்ணத்தான் சந்தேகப்பட்டேன். நல்லாப் பறக்கக்கூடிய நாள்லகூடத் திரும்பி வந்திருக்கேன். பெண்ணுன்னுதான் அனுப்பலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். தோத்திருப்பேன். ஆனா என் கண்ணு என்கிட்ட இருந்திருக்கும்."

மன்னிப்புக் கேட்டேன். "சரி சார்" என்றாள். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கும் உரிமை இல்லை. இறந்துபோன அந்தப் பையனுக்கு அம்மா இருந்தாள், அவள் எந்த மதகோரத்திலும் எனக்காகக் காத்திருக்கவில்லை.

எழுந்தபோது, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். யூனிட் மலருக்கு எழுத வேண்டியிருக்கிறது, என் முதல் கமாண்டரைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன் என்றேன்.

"அவரப் பத்தி எழுதுங்க. இதையும் எழுதுங்க. இப்ப அங்க நிறையப் பொண்ணுங்க இருக்காங்க. அவங்கள அனுப்புற ஆம்பளைங்களும் இருக்காங்க."

ஆகவே எழுதியிருக்கிறேன். நாளை நீங்களும் யாரையாவது அனுப்ப வேண்டிய, அல்லது நிறுத்த வேண்டிய நாற்காலியில் உட்காருவீர்கள். நிறுத்துங்கள், நிறுத்துவது தவறில்லை. ஆனால் உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். அது உங்களுக்கு அவமானமாக இருந்தாலும் சொல்லுங்கள். ஏனென்றால் பொய்க் காரணத்தைக் கொடுத்தால், நல்ல கண்ணுள்ள ஒருவரின் கண்ணைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறீர்கள். என்னிடம் ஒருத்தியின் கண் இருபது ஆண்டுகளுக்குமேல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னாலும் எதையும் பார்க்க முடியவில்லை.

உங்களுக்கு அனுப்புமுன் இதை அவளுக்குக் காட்டினேன். ஆரணி கையில் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். தன் பெயரை மாற்ற வேண்டாம் என்று குறிப்பு வைத்திருந்தாள். ஒரே ஒரு வரியைத்தான் திருத்தியிருந்தாள். அன்று அவளை விட்டிருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பான் என்று நான் எழுதியிருந்தேன். அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் எழுதினேன். அந்த வரியின்மீது அடித்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "தெரியாது சார். நீங்களும் போகல, நானும் போகல."